சாவையும் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு, சாவைப் பற்றிப் படிப்பா என்று சிரிப்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு எனச் சாவை எதிர்கொள்கிறவர் மனசின் ஐந்து நிலைகளைச் சொன்னது சாகக் கிடந்தவர்களிடம் உட்கார்ந்து பேசித்தான்; நம் ஆட்கள் அதைத் துக்க வீட்டில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள், அது வேறு கதை. எங்கள் செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே தீராத நோயில் கிடப்பவர்களுக்காக 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைக்கு 2008இல் அரசே கொள்கை வகுத்தது. நர்ஸ் வீட்டுக்கே வந்து படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டி, மூத்திரக் குழாயை மாற்றி, அப்புறம் கவனித்துக்கொள்கிறவர் சாப்பிட்டாரா என்றும் கேட்கிறார். இங்கேயும் 2021இல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தது, சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் ‘இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்பதை முகம் பார்த்துச் சொல்லக்கூட ஆளில்லை. மருத்துவ, நர்சிங் மாணவர்களை நோயாளி பக்கத்தில் உட்காரவைத்தே இதைச் சொல்லிக்கொடுங்கள், பரீட்சையிலும் கேளுங்கள்.

– வாசகர், செங்கோட்டை