கோடு போட்டால் மனதில் நிற்குமா?

ஆசிரியருக்கு,

எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கும் என் மகள் லீவில் வந்தால், வளவில் உட்கார்ந்து உடற்கூறியல் புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டபடியே திரும்பத் திரும்ப வாசிப்பாள். மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. அப்புறம் ஒரு சீனியர் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டுக் கை நரம்புப் பின்னலை வெள்ளைத் தாளில் வரைந்து பார்த்தாள். எந்தக் கிளை விட்டுப்போனது என்று அவளுக்கே தெரிந்தது.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கண்டதும் இதுதான். படித்து முடித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம், வாசித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது.

சிவகங்கை உட்பட எல்லா மருத்துவக் கல்லூரிகளும் தொடக்கப் பயிற்சி வகுப்பிலேயே இந்த முறையைச் செய்து பழக்கினால், பிள்ளைகள் முதலாண்டில் இப்படித் தவிக்க மாட்டார்கள்.

- ஒரு தாய், காரைக்குடி