52-இல் 38 போனால் 26

அன்புக் கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். "திங்கக்கிழமை கழித்தல் நடத்தினேன்மா, செவ்வாக்கிழமை எல்லாரும் சரியாப் போட்டாங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட் வச்சா பாதிப் பேர் தப்பு. எனக்குச் சொல்லிக்குடுக்கவே வரலையா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பு எழுத உட்காரும்போதாவது படிப்பாய்.

உனக்குச் செவ்வாய்க்கிழமை சந்தோஷம், வெள்ளிக்கிழமை துக்கம். எனக்கு நேர்மாறு. செவ்வாய்க்கிழமை வந்த சரியை நான் நம்பவே மாட்டேன். நீ போட்டுக் காட்டிய கணக்கு கரும்பலகையில் அழியாமல் நிற்கிறது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டு திறந்திருக்கிறது, கேட்பதும் அதே மாதிரிக் கணக்கு. எண்ணை மட்டும் மாற்றிப் போட்டாலே விடை வந்துவிடும். வெள்ளிக்கிழமை பலகை காலி. அன்றைக்கு வருவதுதான் பிள்ளையின் சொந்தச் சரக்கு. அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உனக்கு ஏதோ கையில் கிடைத்திருக்கிறது.

தப்புகளைப் பார்த்துவிட்டு "கவனமே இல்லைம்மா" என்றாய் பார், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 52-இல் 38 போனால் 14. உன் பிள்ளைகளில் நிறையப் பேர் 26 போட்டிருக்கிறார்கள். கவனமில்லாதவர்கள் ஆளுக்கொரு விடை போடுவார்கள். பேசிவைத்த மாதிரி எல்லாரும் 26 போட்டால் அது கவனக்குறைவு இல்லை, அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. 2-இல் 8 போகாது, அதனால் 8-இல் 2 போனால் 6. 5-இல் 3 போனால் 2. ஆக 26. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பில் யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். பிள்ளை நம் பேச்சைத் தட்டாமல் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் 40-இல் 17 போடச் சொல்லிப் பார். 37 என்று வந்தால் அதே விதிதான்.

26 போட்டவர்களையும் 24 போட்டவர்களையும் ஒரே கூட்டமாக உட்கார வைத்துத் திரும்ப நடத்தாதே. 24 போட்ட பிள்ளைக்குப் பத்தைப் பிரித்து 12 ஆக்கத் தெரிந்திருக்கிறது. பிரித்தபின் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கிறது. அதற்கு ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். 13, 15 என்று எழுதியவர்கள் விரல் எண்ணும்போது ஒன்று தள்ளிப்போனவர்கள். அவர்களுக்குக் கழித்தல் புரிந்துவிட்டது. 90 போட்டவன் குறியையே பார்க்காமல் கூட்டியிருக்கிறான். நாலுமே தப்புதான், நாலுக்கும் மருந்து வேறு வேறு. சிவப்பு மையில் ஒரே மாதிரி பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் இந்த வித்தியாசம் பிள்ளைக்கும் தெரியாது, உனக்கும் மறந்துவிடும். (சிவப்பு மையே எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

26 போட்டவர்களுக்குப் பலகை வேண்டாம். குச்சியை எடு. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 5 கட்டு, உதிரி 2. பிள்ளையின் கையில் கொடுத்து, "இதிலிருந்து 38 குச்சி எனக்குக் கொடு" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள், அதுதான் கஷ்டம். பிள்ளை மூன்று கட்டைத் தரும். உதிரி இரண்டையும் தரும். இன்னும் ஆறு வேண்டும், கையில் இருப்பது இரண்டு முழுக் கட்டு. அங்கே நின்றுவிடும். கட்டைப் பார்க்கும், உன் முகத்தைப் பார்க்கும், ரப்பர் பேண்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கும். உனக்கு நாக்கு நுனியில் "பிரிடா" என்று வரும். சொல்லாதே. கொஞ்ச நேரத்தில் "டீச்சர், பிரிக்கலாமா?" என்று அதுவே கேட்கும். நீ திங்கட்கிழமை நடத்தியதாக நினைக்கும் பாடம் அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது. பிரித்து ஆறு கொடுத்தபின் மிச்சத்தை எண்ணட்டும்: ஒரு கட்டு, நாலு உதிரி. அதற்கப்புறம் நோட்டைத் திறந்து 5-ஐ அடித்து 4 போட்டு, 2-க்கு மேல் 12 எழுதச் சொல். கை செய்ததைத்தான் தாளில் எழுதுகிறோம் என்று அப்போது தெரியும். முதலிலேயே அடித்து எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது வெறும் சடங்கு. சடங்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது.

வாயை மூடிக்கொள் என்றேன் இல்லையா, அது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடி. அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்டுவிடுகிறோம், இல்லை நாமே சொல்லிவிடுகிறோம். 3 விநாடி பொறுத்த வகுப்புகளில் பிள்ளைகளின் பதில் நீளமாக வந்தது, "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 3 விநாடி ஒன்றும் பெரிய நேரமில்லை. ஆனால் முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டுவிடு. "புரிஞ்சுது டீச்ச...ர்" என்று ராகம் போட்டுக் கோரஸாக வரும் பதிலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. யாருக்குப் புரியவில்லையோ அந்தப் பிள்ளைதான் ஓங்கிச் சொல்லும்.

சரி, மறதிக்கு வருவோம். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகம், போகப்போக மெதுவாகிறது. இதை எல்லாரும் சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றிய பட்டியலைத் திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. அதாவது உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை நீ கழித்தலைத் திரும்பத் தொட்டால், போன திங்கட்கிழமை பட்ட பாடு இருக்காது. அதற்கடுத்த வாரம் இன்னும் சுலபம். வெள்ளிக்கிழமை மறப்பதை நீ ஏதோ முடிவு மாதிரி எடுத்துக்கொள்கிறாய். எனக்கு அது வாரத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

அதனால் செவ்வாய்க்கிழமை ஒரே மூச்சில் இருபது கழித்தல் கணக்குக் கொடுப்பதை நிறுத்து. தினமும் நாலு கொடு. அந்த நாலில் இரண்டு கூட்டலாக இருக்கட்டும், ஒன்று போன வாரத்துக் கணக்காக இருக்கட்டும். எல்லாமே கழித்தல் என்றால் பிள்ளை யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். கலந்து கொடுத்தால் குறியைப் பார்த்தே ஆகவேண்டும்; 90 போட்டவனுக்கும் அதுவே மருந்து.

காலையில் முதல் ஐந்து நிமிஷம் நோட்டை மூடச் சொல்லி, "நேத்து என்ன செஞ்சோம்?" என்று கேள். நீ சொல்லாதே, அவர்கள் தேடி எடுக்கட்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், உன்னுடையவர்கள் ஏழு வயது. அப்படியே இறக்கிவைத்துவிட முடியாது. ஆனால் நான் வகுப்பில் வருஷக்கணக்காகப் பார்த்ததற்கு இது ஒத்துப்போகிறது.

சொல்வதை எழுதுதலிலும் இதே கதைதான் என்றாய். "247 எழுத்தும் ஒப்பிக்கிறான், 'கொடி' எழுதச் சொன்னா 'காடி'ன்னு எழுதறான்." அவன் காதை யோசித்துப் பார். அவனுக்கு முதலில் க் கேட்கிறது, பிறகுதான் ஒ கேட்கிறது. கையோ முதலில் ஒற்றைக்கொம்பு போடவேண்டும், பிறகு க, பிறகு துணைக்கால். கேட்கும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை ஒன்று. ஒரே ஒலியை எழுத்தின் இரண்டு பக்கமும் பிரித்து வைக்கிறோம். அவன் காதில் விழுந்தபடி க-வை முதலில் எழுதிவிட்டான். கொம்புக்கு இடமில்லை, காலை மட்டும் போட்டுவிட்டான். மக்கு இல்லை, ஒலியைச் சரியாகக் கேட்கிற பிள்ளை. கெ, கே, கை, கொ, கோ, கௌ இந்த ஆறுக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கு. வாயால் சொல், காற்றில் விரலால் எழுது, பிறகு சிலேட். ஒன்றிலிருந்து 247 வரை ஒப்பிப்பது வரிசையைத்தான் பழக்கும். நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கேட்டால் பிள்ளை முதலிலிருந்து ஓடிவரும்.

ண, ன, ந தகராறுக்கு அவசரப்படாதே. டவுக்கு முன்னால் மூன்று சுழி: வண்டி, நண்டு. றவுக்கு முன்னால் இரண்டு சுழி: கன்று, நன்றி. தவுக்கு முன்னால் தந்நகரம்: பந்து, சந்து. சொற்களைக் கூட்டமாகக் கொடுத்து, "என்ன தெரியுது?" என்று கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீ முதலில் விதியைச் சொன்னால் ஒரு விதி கூடும், அவ்வளவுதான்.

புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒத்திகை, போட்டோ, யாராவது வருகிறார்கள் என்று ஏதாவது ஒன்று வந்து வகுப்பை விழுங்கிவிடும். அன்றைக்குப் புதுப்பாடம் வைக்காதே.

உன் அவரை விதைப் பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணாடிப் பாட்டிலின் ஓரத்தில் ஈரத் தாளோடு ஒட்டி வைத்ததும் நல்லது. மண்ணில் புதைத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் முளைத்தபின் படம் வரையச் சொன்னதோடு நிறுத்தியிருக்கிறாய். முளைக்கும் முன்னாலேயே "முதல்ல என்ன வெளிய வரும்? இலையா வேரா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் வரைந்து வைத்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இலை என்பார்கள். வேர் எட்டிப்பார்க்கும்போது வகுப்பே பாட்டில் முன்னால் வந்து நிற்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. வேர் கொஞ்சம் நீண்டதும் பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டு, "நாளைக்கு வேர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேள். ஓரிரு நாளில் நுனி வளைந்து கீழே திரும்பியிருக்கும். "கீழ எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். வேர் நுனியின் செல்களுக்குள் இருக்கும் மாவுத் துகள்கள் கனத்தினால் அடியில் போய்ப் படிகின்றன. வேர் அதை வைத்துத் திசை அறிகிறது. இதை உடனே சொல்லிவிடாதே. ஒரு நாள் அவர்கள் ஊகிக்கட்டும். கண் இருக்கும் என்று ஒருவன் சொல்வான், தண்ணீரை மோப்பம் பிடிக்கும் என்பான் இன்னொருவன். மோப்பக்காரனைத் தட்டிக்கழிக்காதே. ஈரம் இருக்கும் பக்கம் வேர் திரும்புவதும் உண்டு. தாள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்கிறதா என்று அவனையே தொட்டுப் பார்க்கச் சொல். எல்லாப் பக்கமும் ஈரம் என்றால் இங்கே வளைத்தது ஈரமில்லை என்று அவனே சொல்லிவிடுவான்.

ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான விடைக்கு மட்டும் ஒட்டினால் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள். "இது எனக்கு வரலை டீச்சர்" என்று நோட்டோடு எழுந்து வருகிற பிள்ளைக்கும் ஒன்று ஒட்டு.

வரும் திங்கட்கிழமை புதுப்பாடம் தொடங்காதே. 52 − 38-ஐயே பலகையில் எழுதி, பக்கத்தில் 26, 24, 14 என்று பெயர் போடாமல் எழுதி, "ஒவ்வொருத்தரும் எப்படி யோசிச்சிருப்பாங்க?" என்று கேள். எது சரி என்று கடைசிவரை சொல்லாதே. தலைமையாசிரியர் பாடம் பின்தங்குகிறது என்றால், இரண்டு இலக்கத்தில் நிற்காத பிள்ளை மூன்று இலக்கத்தில் இன்னும் நாலு நாள் சேர்த்துத் தின்னும் என்று பணிவாகச் சொல். கேட்கவில்லை என்றால் காலை ஐந்து நிமிஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்.

ஆடியோவில் உன் குரல் கட்டியிருந்தது. முப்பது பிள்ளைகளுக்கு மேல் கத்தி ஜெயிக்க முடியாது. கை தட்டு, இல்லை பேசாமல் நில்; ஒவ்வொருவராக அடங்குவார்கள். மேஜையில் தண்ணீர் வைத்துக்கொள், பாடவேளைக்குப் பாடவேளை ஒரு வாய் குடி. கரகரப்பு நாலைந்து வாரம் தாண்டியும் போகாவிட்டால் தொண்டை டாக்டரைப் பார். திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணு.

அம்மா