அக்காவுக்கு: நீ பாதியில் திரும்பிய தோட்டங்களைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஆண்டு அப்பாவின் திதிக்கு நான் வரப்போவதில்லை. திதி ஆகஸ்டில் வருகிறது. கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் திராட்சை அறுவடையும் அந்த வாரங்களில்தான் நடக்கும். அங்குள்ள ஒயின் ஆலை ஒன்றில் இந்தப் பருவம் முழுவதும் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் அழைப்பை நீ எடுப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை உன் மகள் உனக்குப் படித்துக் காட்டுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். ஆகவே நம் வீட்டில் நடந்தவற்றில் ஒரு வரிகூட இதில் இருக்காது. உனக்கும் எனக்கும் அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்ல நினைப்பது அந்தத் தீவைப் பற்றி மட்டுமே. நாம் சேர்ந்து போன பயணத்தில் முதல் தோட்டத்தை மட்டும்தான் நீ பார்த்தாய். அதன் பிறகு நடந்ததும் நீ சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். மற்ற இடங்களில் நீ வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. உள்ளே நான் என்ன பார்த்தேன் என்று நீயும் கேட்கவில்லை, கோபத்தில் நானும் சொல்லவில்லை.

பிர்கோஸ் கிராமத்துக்குக் கீழே, சரிவில் இருந்த அந்தத் தோட்டத்துக்குள் நாம் நுழைந்தபோது, தரிசு நிலத்துக்குள் கூட்டி வந்துவிட்டேன் என்று நீ நினைத்தாய். கொடி எங்கே, பந்தல் எங்கே, கல்தூண் எங்கே என்று என்னைத்தான் கேட்டாய். நான் பாடப்புத்தகத்தில் படித்ததை வரிசையாகச் சொல்லத் தொடங்குவதற்குள் நீ புடவையைச் செருகிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாய். தரையோடு தரையாக வட்டமாகச் சுற்றிப் பின்னப்பட்டிருந்த அந்தக் கொடியைப் பார்த்து, “சும்மாடு மாதிரி சுத்தி வச்சிருக்கானே” என்றாய். பிறகு இலைகளை ஒதுக்கி உள்ளே கையை விட்டாய். குலைகள் அங்கேதான் இருக்கும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. பச்சை மாறத் தொடங்கியிருந்த ஒரு காயை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று நீ சொன்னபோது, தொப்பி அணிந்த அந்தப் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நீ நிமிர்ந்து பார்த்து, “தண்ணி எங்கய்யா?” என்று தமிழிலேயே கேட்டாய். அவருக்கும் அது விளங்கிவிட்டது. காலடியில் கிடந்த நுரைக்கல் ஒன்றை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தார், கடலைக் காட்டினார், கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதைப்போலச் செய்து இரவைக் காட்டினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தலையசைத்துவிட்டாய். உங்கள் இருவருக்கும் நடுவில் என்னுடைய சான்றிதழ்களோடு நான் எதற்கு நின்றிருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லை நீ கைப்பையில் போட்டுக்கொண்டாய்.

அக்கா, அன்று உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய்.

நீ சைகையில் புரிந்துகொண்டது முற்றிலும் சரி. அந்தத் தீவில் ஆறே கிடையாது. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடையில் மெல்டெமி என்னும் வடகாற்று நாள்கணக்கில் வீசும்; உயரப் பந்தலில் கொடி அதைத் தாங்குவது கடினம். அதனால்தான் கொடியைத் தரையிலேயே வளைத்துக் கூடையாகப் பின்னுகிறார்கள். கூலூரா என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கவாத்து செய்யும்போது மிச்சம் விடும் கொம்பை வட்டத்தோடு சேர்த்துப் பின்னிவிடுவார்கள். குலைகள் உள்ளே தங்குவதால் காற்றும் மணலும் வெயிலும் அவற்றை நேராகத் தாக்குவதில்லை. இரவில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பகலில் கொடி அதிலிருந்துதான் பிழைக்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் உனக்கு இதைவிட வியப்பான செய்தியை நான் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

நீ பார்க்காத இரண்டாவது தோட்டத்தில் வேர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதியே கடலுக்குள் போய்விட்டது; மிச்சமிருந்த நிலத்தின்மீது சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. ஆஸ்பா என்று அவர்கள் அழைக்கும் அந்த மண்ணில் களியும் இல்லை, மக்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்செரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது. பிழைக்க வேண்டிப் பெரும்பாலான நாட்டவரும் அமெரிக்க வேரின்மேல் தங்கள் கொடியை ஒட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பூச்சியால் இந்தச் சாம்பல் மண்ணில் வாழ முடியாது. ஆகவே சாண்டோரினியில் இன்றும் கொடி தன் சொந்த வேரில்தான் நிற்கிறது. கூடை முதிர்ந்து விளைச்சல் குறைந்தால் அதைத் தரையோடு வெட்டிவிடுகிறார்கள்; அதே வேரிலிருந்து தளிர் வருகிறது, அதைக்கொண்டு புதுக்கூடை பின்னுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கொடியைவிடக் கீழே இருக்கும் வேர் பல தலைமுறைகள் மூத்தது. இதை நீ கேட்டிருந்தால் அந்த வேரைத் தொட்டுப் பார்க்காமல் வந்திருக்க மாட்டாய். ஆனால் நீ வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் அந்த மேசைக்கு உன்னை அழைத்துப்போனதற்காக என்னை மன்னித்துவிடு. கண்ணாடிக் கோப்பையைப் பார்த்தால் உனக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அழைத்தேன். ஏனென்றால் குலையைத் தொட்ட கையோடு அது என்னவாக மாறுகிறது என்பதையும் நீ பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். நீ குடிக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. நானே ஒவ்வொரு வாயையும் துப்பிவிட்டுத்தான் குறிப்பு எழுதினேன், அதை நீ கண்ணால் பார்த்தாய். இருந்தும் அத்தனை பேர் முன்னிலையில் என்னை யாரோடு சேர்த்துப் பேசினாய்! அங்கே தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதால் அது குறைந்துவிடாது. எனக்குத் தமிழ் தெரியும். சுருளிப்பட்டிச் சாலையில் லாரியில் ஏறும் நம் பழம் எங்கெங்கே போய் என்னவாகிறது என்று எந்த வியாபாரியிடமாவது நீ கேட்டதுண்டா? நிலத்தை உனக்கும் படிப்பை எனக்கும் பிரித்துக் கொடுத்தபோது உன்னை யாரும் கேட்கவில்லை என்று இன்றுவரை சொல்கிறாய். என்னையும் யாரும் கேட்கவில்லை, அக்கா.

இதற்குமேல் இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

மெகாலோகோரி கிராமத்தில் நான் போனது ஒரு பழைய கனாவா, அதாவது ஒயின் செய்யும் இடம். நுரைக்கல் படிவத்தைக் குடைந்து செய்த நிலவறை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ந்து கிடந்தது. பழத்தைக் காலால் மிதித்த தொட்டி, சாறு வடிந்து இறங்கிய குழி, மரப்பீப்பாய்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வின்சாந்தோ என்னும் இனிப்பு ஒயினை அங்கேதான் பார்த்தேன். பறித்த குலைகளை ஏறக்குறைய இரண்டு வாரம் திறந்தவெளியில் வெயிலில் பரப்பி, சுருங்கி இனிப்பேறிய பிறகு பிழிந்து, குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் வைத்திருப்பார்கள். சட்டப்படி அதில் பாதிக்குமேல் அசிர்டிகோ என்ற வெள்ளை வகை இருக்க வேண்டும். மீதிக்கு ஐதானி, அதிரி போன்றவற்றைச் சேர்ப்பார்கள். ஒரு காலத்தில் இது ரஷ்யத் தேவாலயங்களின் வழிபாட்டுக்காகக் கப்பலில் போயிற்று. அதே அசிர்டிகோவை உலர்த்தாமல் பிழிந்தால் கிடைப்பது, அன்று உன் முன்னால் வைத்த வெளிறிய மஞ்சள் ஒயின். அவ்வளவு வெயிலில் பழுத்தும் அதன் புளிப்பு குறைவதில்லை; எலுமிச்சைத் தோலின் கசப்பும் கடல் உப்பும் வாயில் நிற்கும். யாரையும் குடிக்கத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. பன்னீர் திராட்சையின் மணத்தை வைத்தே அது எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடும் உனக்கு, இன்னொரு திராட்சையின் குணத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களின் நிலை நன்றாக இல்லை. 1956 ஜூலையில் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் ஊரைவிட்டே போனார்கள். இப்போது சுற்றுலா வந்து நிலத்தைக் கேட்கிறது. எரிமலைப் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் விடுதி கட்டினால் வரும் பணத்தைக் கூலூரா எந்தக் காலத்திலும் தராது. கிரேக்கத்திலேயே விலை கூடிய திராட்சை அங்கே விளைவதுதான். ஆனால் விலை ஏறியதற்குக் காரணமே விளைச்சல் இல்லாமைதான். 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் வறட்சியும் வெப்பமும் சேர்ந்து அறுவடையைப் படுமோசமாக்கின. 2025 பிப்ரவரியில் நில அதிர்வுகள் ஓயாமல் தொடர்ந்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் தீவைவிட்டு வெளியேறினார்கள். அது கவாத்துக் காலம். கூடை பின்னத் தெரிந்த கைகள் ஏற்கெனவே குறைவு. இளைஞர்கள் விடுதி வேலைக்குப் போகிறார்கள். நான் போகும் ஆலையிலும் ஆள் போதவில்லை. கவாத்துக் கத்தியைப் பிடிக்க நம் தோட்டத்தில் நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று அவர்களிடம் சொன்னேன். என் சான்றிதழ்களைவிட அதைப் பற்றித்தான் அவர்கள் நிறையக் கேட்டார்கள்.

திதிக்கு வராததை ஊரில் என்ன பேசுவார்கள் என்பதும், அந்தப் பேச்சை நீதான் கேட்டாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக வருந்துகிறேன். ஆனால் முடிவை மாற்ற மாட்டேன். நான் திராட்சையோடு வாழ்வதில் தவறு எதுவும் இல்லை. நீயும் திராட்சையோடுதான் வாழ்கிறாய்.

ஆகஸ்டு கடைசியில் வின்சாந்தோவுக்கான குலைகளை வெயிலில் பரப்பத் தொடங்குவார்கள். அடுக்குவதும், புரட்டிப்போடுவதும், கெட்ட காயைப் பொறுக்கி எடுப்பதும்தான் அங்கே வேலை. மேசையும் இல்லை, கோப்பையும் இல்லை. திதி முடிந்த பிறகு புறப்பட்டால் அதற்கு வந்து சேரலாம். பயணச் செலவு என்னுடையது. விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்தால்தான் நேரம் இருக்கும். வர விருப்பமில்லை என்றால் அதை நீயே போன் செய்து சொல்; மகளிடம் சொல்லி அனுப்பாதே.

உன் தங்கை