பதினொரு காசு

பூம்பாறை,
ஞாயிறு ராத்திரி

அம்மாடி செல்வி,

மூணு வாரமா போன் எடுக்கலை. திடீர்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி: "அப்பா, ராஜா காசு அசல் வெள்ளிதானான்னு எப்படிப் பார்க்கிறது?" அப்புறம் மறுபடி சத்தமில்லை. பூண்டு பிடுங்கிக் கட்டித் தொங்கவிட்டாச்சு. அம்மாவுக்கு முட்டி வலி. மத்ததெல்லாம் பிறகு.

காந்தத்தை நம்பாதே. வெள்ளி ஒட்டாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. 1947 நிக்கல் ரூபாயைத்தான் அது காட்டிக்கொடுக்கும். எடை போடு. அஞ்சாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபா ஒரு தோலா, 11.66 கிராம், நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி. தேய்ஞ்சதுல கொஞ்சம் குறையும். அதே அகலம், அதே கனத்துல செம்பு வச்சா பத்து கிராம்தான் வரும். விரல் நுனியில நிறுத்தி இன்னொரு காசால தட்டு. வெள்ளின்னா மணி மாதிரி இழுக்கும். முலாம்னா ராஜா கன்னத்துலயும் விளிம்பு வரியிலயும் முதல்ல தேய்ஞ்சு சிவப்பு தெரியும். விபூதி போட்டுத் தேய்க்காதே.

நகைக்கடைக்கு மட்டும் கொண்டு போகாதே. எதுக்குன்னு நான் கேக்கலை. எம்பொண்ணு பேங்க் வேலைன்னு மன்னவனூர் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். பணமுடைன்னா அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா? நகைக்கடைக்குப் போகாதே, அவன் உரசிப் பார்த்துட்டு உன் முகத்தைப் பார்ப்பான்.

ஒண்ணு ரெண்டு சிவந்திருந்தா மாப்பிள்ளைகிட்ட எதுவும் கேட்டுடாதே. அத்தை பீரோ சாவியையும் பேச்சுல இழுக்காதே.

மாத்தினது நான்தான்மா.

நீ பிளஸ் டூ படிச்ச வருஷம். வடுகபட்டி சந்தையில பூண்டு மூட்டையை இறக்கிட்டு வந்த காசு வண்டி வாடகைக்கே பத்தலை. உன் ஹாஸ்டல் பணம் கட்ட திங்கக்கிழமை கடைசி நாள். அப்பத்தா முடிச்சுல இருந்து நாலு காசை எடுத்து வித்தேன். உன் கல்யாணத்துக்கு அம்மா எண்ணுவாளேன்னு முலாம் காசு நாலு வாங்கிச் சேர்த்தேன். அன்னைக்கு அவ எண்ணும்போது நான் வாசல்ல போய் நின்னுக்கிட்டேன்.

1918, 1919 போட்ட ஏழும் நல்ல காசு. 1917 போட்டது நாலும் என்னோடது. நாலுலயும் ராஜா காதுக்குக் கீழே ஒரே இடத்துல ஒரே கீறல் இருக்கும், ஒரே அச்சுல வார்த்தது.

விக்கணும்னா அந்த ஏழு காசை மட்டும் எடுத்துட்டுப் போ. அந்த நாலையும் தனியா முடிஞ்சு வை. வரும்போது அம்மா கண்ணுல படாம எங்கிட்ட குடு. போன்ல இதைப் பேசாதே, அவ பக்கத்துலயேதான் இருப்பா. சாப்டேன்னு மட்டும் சொல்லு.

அப்பா