சுவிட்சை அணைத்தவர்களும் இறந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போயிங் 737 மேக்ஸ் விபத்துகளைப் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். வால் சிறகைத் திருப்பும் மோட்டாரை நிறுத்தும் இரண்டு சுவிட்சுகளை அணைக்கத் தெரியாததால்தான் விமானிகள் தோற்றார்கள் என்று அது முடிகிறது. விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் கழித்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

737-இல் விமானிகளின் முழங்காலுக்குப் பக்கத்தில் டிரிம் சக்கரம் இருக்கிறது. டிரிம் என்பது வால் சிறகின் கோணத்தைச் சரிசெய்யும் அமைப்பு. வால் சிறகின் கோணம் மாறும்போதெல்லாம் கடகடவென்று சுழலும். கோளாறு இல்லாத நாளிலும் அது தானாகச் சுழல்வது உண்டு. அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. டிரிம் நிற்காமல் ஓடினால் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது பயிற்சி. மூக்கு மிகவும் தூக்கியிருப்பதாக உணரி காட்டினால் தானாகவே வால் சிறகைத் திருப்பும் எம்காஸ் என்ற மென்பொருளோ, அந்த விபத்துகளில் நிற்காமல் ஓடவில்லை. சுமார் 10 வினாடி மூக்கைக் கீழே தள்ளியது, விமானி மின் டிரிம் பொத்தானை அழுத்தினால் அடங்கியது, விரலை எடுத்து 5 வினாடி கழித்து மறுபடி தள்ளியது. அப்படி ஒன்று இருப்பதையே முதல் விபத்து நடக்கும்வரை விமானிகளின் கையேடு விளக்கவில்லை.

2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானத்தில், மூக்கு காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் ஓர் உணரி தவறான கோணத்தைக் காட்டியது. தரையை விட்டு எழுந்ததுமே, பறக்கும் திறன் போகப்போகிறது என்று எச்சரிக்கும் விதமாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. வேகமும் உயரமும் இரு பக்கமும் வேறு வேறாகக் காட்டின. இத்தனைக்கும் நடுவில் கேப்டன் 20 முறைக்கு மேல் மூக்கைத் தூக்கி நிறுத்தினார். துணை விமானியிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்த சிறிது நேரத்தில் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் போனார்கள்.

முந்தைய நாள் அதே விமானத்தில், அதே கோளாறில், வேறொரு குழு சுவிட்சை அணைத்து ஜகார்த்தா சேர்ந்தது உண்மை. கட்டுரை அதோடு நின்றுவிட்டது. அன்று விமானி அறையில் மூன்றாவதாக ஒரு விமானியும் இருந்தார். கை ஓயாமல் போராடும் இருவருக்குப் பின்னால், நடப்பதைக் கவனிக்க மட்டும் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய துணை! தண்டு அதிர்ந்ததையும் சுவிட்சை அணைத்ததையும் அந்தக் குழு பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதவில்லை. குறிப்பேட்டை நம்பியே வேலை பார்த்தவன் நான். எழுதப்படாத அந்த வரிகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2019 மார்ச் 10 அன்று நடந்த இரண்டாவது விபத்தில் எத்தியோப்பிய விமானிகள் சுவிட்சை அணைத்தார்கள். கையால் சக்கரத்தைத் திருப்ப முயன்றார்கள், முடியவில்லை. என்ஜின்கள் புறப்படும் விசையிலேயே இருந்தன, வேகம் உச்ச வரம்பான 340 நாட் அளவை (மணிக்குச் சுமார் 630 கி.மீ.) தாண்டியிருந்தது, காற்றின் அழுத்தம் வால் சிறகை இறுக்கிப் பிடித்திருந்தது. விசையைக் குறைக்காதது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் விமானம் பறக்கும் திறனை இழக்கப்போகிறது என்று தண்டு அதிர்ந்து எச்சரிக்கும்போது, விசையைக் குறைக்கக் கை எப்படித் துணியும்? வேறு வழியின்றி மின் டிரிமை மீண்டும் இயக்கினார்கள். எம்காஸும் கூடவே விழித்துக்கொண்டது. 157 பேர்.

விமானி உடனே புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்று போயிங் நிறுவனம் கணக்குப் போட்டபோது, இத்தனை எச்சரிக்கைகள் ஒன்றாக வரும் நிலையைச் சோதிக்கவே இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 செப்டம்பரில் சுட்டிக்காட்டியது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பதில் சொல்ல முடியாத நான்கு விமானிகள் மீது சுமத்திய பழியை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்,
தாம்பரம்.