தேர்தல் வரைபடமும் நிறம் தெரியாத வாசகர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் கட்சிகளின் நிறங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், நிறத்தைப் பார்த்ததுமே கட்சி எது என்று யாருக்கும் புரிந்துவிடும் என எழுதப்பட்டிருந்தது. பக்கத்திலேயே சிவப்பும் பச்சையுமாக ஒரு வரைபடம். எனக்குப் புரியவில்லை. பிறவியிலிருந்தே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவன் நான். அந்த வரைபடம் முழுவதும் எனக்கு மங்கிய பழுப்பாகத்தான் தெரிந்தது. எந்தப் பகுதியில் யார் வென்றார்கள் என்று என் மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளாக உங்கள் இதழைப் படிக்கிற ஒருவனுக்கு இது எவ்வளவு வருத்தம் தரும் என்று நீங்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் ஏதோ அபூர்வமான பிறவி அல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மற்ற இனங்களில் இதைவிடக் குறைவு, அவ்வளவுதான். உங்கள் அலுவலகத்திலேயே யாருக்காவது இருக்கக்கூடும்.

கட்டுரையாளர் இன்னொன்றும் சொல்கிறார்: சிவப்பு என்றால் இடதுசாரி, நீலம் என்றால் வலதுசாரி, இது இயல்பாகவே அமைந்ததாம். பிரிட்டனில் தொழிற்கட்சி சிவப்பு, கன்சர்வேட்டிவ் நீலம் என்பதைப் பார்த்துவிட்டு உலகம் முழுவதும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அமெரிக்காவில் சிவப்பு வலதுசாரியான குடியரசுக் கட்சிக்கு உரியது. அதுவும் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம் அல்ல. 1976 தேர்தலில் என்.பி.சி. தொலைக்காட்சி குடியரசுக் கட்சியின் ஃபோர்டுக்கு நீலமும் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்குச் சிவப்பும் கொடுத்தது. 2000 தேர்தலில் வாக்கு எண்ணிக்கைத் தகராறு வாரக்கணக்கில் நீண்டு, அதே வரைபடம் நாள்தோறும் திரையில் வந்தபோதுதான் இன்றைய நிறங்கள் ஒட்டிக்கொண்டன. கட்சிகள் தேர்ந்தெடுத்தவை அல்ல அவை; தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் பூசியவை. கட்சியே நிறத்தை மாற்றிக்கொண்டதும் உண்டு: ஆஸ்திரியாவின் வலதுசாரி மக்கள் கட்சி 2017-இல் செபாஸ்டியன் குர்ஸ் தலைமையில் தன் பழைய கறுப்பை விட்டு நீலப்பச்சைக்கு மாறியது. செங்கொடியின் கதையே வேறு. 1791-இல் பாரிஸில் அது கூட்டத்தைக் கலைக்க அதிகாரிகள் ஏற்றிய ராணுவச் சட்டக் கொடி. 1871-இல் பாரிஸ் மக்கள் நகர ஆட்சியைக் கைப்பற்றிய பாரிஸ் கம்யூன் எழுச்சியில் அதே கொடி கிளர்ந்தெழுந்த மக்களின் கொடியாகப் பறந்தது. இவையெல்லாம் ஆசிரியராகிய நீங்கள் அறிந்தவைதானே? அறிந்திருந்தும் அந்த வரியை ஏன் அனுமதித்தீர்கள்?

இந்த நிறங்களால் வரும் இன்னொரு கோளாறும் உண்டு. அதே 2000 தேர்தலில் புளோரிடா மாநிலம் 537 வாக்கு வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்குப் போனது. வரைபடத்தில் மாநிலம் முழுவதும் ஒரே நிறம். அங்கே மறுபக்கம் வாக்களித்த லட்சக்கணக்கானோர் அந்த நிறத்துக்குள் காணாமல் போனார்கள். அன்றிலிருந்து பத்திரிகைகள் சிவப்பு மாநிலம், நீல மாநிலம் என்று மனிதர்களுக்கே சாயம் பூசி எழுதுகின்றன. உங்கள் இதழும் அப்படித்தான் எழுதுகிறது. எனக்கு இது பிடிக்கவே இல்லை.

உங்கள் படம் எனக்குப் புரியாமல் போவது இது முதல் தடவையும் அல்ல. ஜெர்மனியில் 2021-இல் சமூக ஜனநாயகக் கட்சி, சுதந்திர ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி மூன்றும் சேர்ந்து அமைத்த ஆட்சியை, அவற்றின் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களை வைத்துப் போக்குவரத்து விளக்குக் கூட்டணி என்று அழைத்தார்கள். அதைப் பற்றிய உங்கள் செய்தியில் கட்சிப் பெயர் எதுவும் இல்லாமல் மூன்று வட்டங்கள் மட்டும் அச்சாகியிருந்தன. சாலையில் உள்ள விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்து நான் அறிந்துகொள்வேன். நீங்கள் அச்சிட்ட வட்டங்கள் பக்கவாட்டில் இருந்தன. அப்போதே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. உள்பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக்கொண்டு, அதில் வண்ண வரைபடத்தைப் போடும் வழக்கத்தையும் அக்கடிதத்தில் சுட்டிக்காட்டியிருந்தேன். சாம்பல் நிறமாகிவிட்ட அந்தப் படத்தை நல்ல கண் உள்ளவர்களாலும் படிக்க முடியாது.

இந்தியாவில் 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, எழுத்தறியாதவர்களும் தாங்களாகவே வாக்களிக்க வேண்டும் என்று சின்னங்களை வைத்தார்கள். பெயரைப் படிக்க முடியாதவரை அன்று நினைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நிறத்தைப் படிக்க முடியாதவரை ஒரு பத்திரிகை அலுவலகம் நினைத்துப் பார்க்கக் கூடாதா?

நான் கேட்பது மிகச் சிறியது. வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கட்சிப் பெயரின் முதல் எழுத்தை அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு கட்சிக்குக் கோடுகள், இன்னொன்றுக்குப் புள்ளிகள் என்று வேறுபடுத்துங்கள். அடுத்த தேர்தல் முடிவுகள் வெளிவருவதற்குள் இதைச் செய்ய முடியுமா, முடியாதா என்று இந்தத் தடவையாவது ஒரு வரி பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்