டேனியல் பேர்ல் நினைவாக மும்பையில் ஒரு கச்சேரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையில் உள்ள நம் சங்கங்களும் சபாக்களும் கோயில் கமிட்டிகளும் நவராத்திரிக் கச்சேரிகளுக்கு ஆள் பேசத் தொடங்கும் நேரம் இது, அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன். அக்டோபரில் நடக்கிற கச்சேரிகளில் ஒன்றையாவது டேனியல் பேர்ல் நினைவுக்கு என்று சொல்லி நடத்துங்கள்.

பெயர் பலருக்கு மறந்திருக்கும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் தெற்காசிய நிருபராக நம் மும்பையில்தான் குடியிருந்தார். செய்தி சேகரிக்கக் கராச்சி போன இடத்தில் 2002 ஜனவரி 23 அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் அவரைக் கடத்திக்கொண்டுபோய், சில நாட்களில் கொன்றார்கள். வயது 38. மனைவி அப்போது கர்ப்பிணி, அந்த மே மாதம்தான் மகன் பிறந்தான்.

அவருடைய பெற்றோர் ஜூடியா, ரூத் இருவரும் அதே வருடம் மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ரூத் அம்மா பாக்தாதில் பிறந்த யூதர், 1941-ல் அங்கே யூதர்களைத் தாக்கிய கலவரத்துக்குச் சிறுமியாகத் தப்பியவர். வாழ்க்கையில் இரண்டு முறை இப்படி அடிபட்ட அம்மா பழி பேசியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த அறக்கட்டளை இஸ்லாமிய நாடுகளின் இளம் பத்திரிகையாளர்களை அமெரிக்கச் செய்தி அறைகளுக்கு வரவழைத்து வேலை பழக்கியது. அப்பா ஜூடியா, பாகிஸ்தானைச் சேர்ந்த அறிஞர் அக்பர் அகமதுவோடு ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் உட்கார்ந்து, இரண்டு மதத்தாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதையெல்லாம் ஜனங்கள் முன்னால் பேசினார். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு அந்த மேடையில் ஏறவே எவ்வளவு மனசு வேண்டும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

டேனியல் நினைவாகப் பல நாடுகளில் அக்டோபரில் கச்சேரி நடத்தும் இசை நாட்களும் அவர்கள் தொடங்கியதுதான், அக்டோபர் 10 டேனியலின் பிறந்த நாள் என்பதால். டேனியல் வயலின் வாசிப்பார், மாண்டலினும் வாசிப்பார். இதைவிட நமக்கு நெருக்கமான வாத்தியங்கள் உண்டா? வெள்ளைக்காரர்களிடமிருந்து வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் பாலுசாமி தீட்சிதர். மாண்டலினில் ராகம் வாசித்துக் காட்ட நமக்கு ஒரு ஸ்ரீநிவாஸ் கிடைத்தார். ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அப்படி வளர்ந்தும் போன வருடம் எங்கள் சொசைட்டி கொலுவில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் வயலின், மூன்றாவது மாடி பாய் வீட்டுப் பையன் தபலா, இரண்டு வாரம் எங்கள் ஹாலில்தான் ஒத்திகை. அன்று மாலை சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவனைக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "சாமி முன்னாடி வேணாம்ப்பா, அடுத்த ஃபங்ஷன்ல வாசி" என்று சொல்லிவிட்டார். பையன் எதிர்த்துப் பேசவில்லை. சுத்தியலைத் துணியில் சுற்றி உறைக்குள் வைத்தான், ஜிப்பை இழுத்து மூடினான், இரண்டு கையிலும் இரண்டு பையோடு மாடி ஏறிப் போய்விட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. மகள் தனியாக வாசித்தாள்.

92-93 இந்து-முஸ்லிம் கலவரத்தைப் பார்த்த ஊர் இது. தாராவியில் 1887-லேயே தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913-ல் கட்டிய பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன, அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் உண்டு. ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஒரே ஹாலில் வாசிக்கக் கூடாதா?

சரி, செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். புதிதாகக் கச்சேரி வேண்டாம், வசூல் வேண்டாம். ஏற்கெனவே வைத்திருக்கிற கச்சேரி தொடங்கும் முன் இது யார் நினைவாக, எதற்காக என்று மைக்கில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், அழைப்பிதழில் ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது. அப்புறம், மேடையில் யார் உட்காரலாம் என்பதை வாசிப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் கொலுவில் அந்த இரண்டு வாக்கியத்தை இந்த வருடம் நானே சொல்கிறேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். பாய் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். பையன் பரீட்சை இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் ஆன்ட்டி என்றிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான், மும்பை